அப்பாவின் மறதிக் குளிசை

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டாவது தவக்காலம் வந்துவிட்டது. வங்காலையில் வீட்டுக்கு வீடு பசாம் பாடத் தொடங்கியாயிற்று. உங்கள் இடத்தில் சவிரி மாமா இருந்து ஆண்டவரின் பாடுகளைப் பாடுகிறார். குரல் பரவாயில்லை, மூச்சுத்தான் போதாது. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கு இப்போது எதற்கும் அழுகை வருவதில்லை அப்பா.

பசாமில் பாதி வரிகளை நீங்கள் மறந்த வருடம்தான் உங்களை மன்னாருக்கு, டொக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் எழுதித் தந்த மறதிக் குளிசையைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். கொஞ்ச நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஆனால் கழிப்பறைக்குப் போய்ச் சேருமுன்னரே உடுத்திருந்த சாரம் நனையத் தொடங்கியது.

நோய் முற்றுகிறது என்று நினைத்தோம். ஆமிச் சென்றியில் சோதனை தாண்டும் நாளில் வரிசையில் ஒதுங்க இடமில்லை என்று ஊரே தொண்டை வறண்டுதான் பஸ் ஏறும். திரும்ப டொக்டரிடம் போன நாளில் அம்மா உங்களுக்கும் அதையே செய்தார், காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் தரவில்லை. ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு "நம மொகத?" என்று சிங்களத்தில் பேர் கேட்டான். முழுப் பேரையும் கணீரென்று சொன்னீர்கள். சொல்லி முடிக்குமுன் சாரத்தால் சலம் வழிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்தானோ, கூச்சப்பட்டானோ?

அன்றைக்கு டொக்டர் சொன்னார்: "தண்ணியை மறிக்காதேங்கோ. இது அந்தக் குளிசையின்ர வேலை. ஞாபகத்துக்கு உதவுற மருந்து சலப்பையையும் இறுக்கிப்போடும். நிப்பாட்டினா நனையிறது குறையும், ஞாபகமும் குறையும். சலத்தை அடக்க வேற குளிசை இருக்கு. அது மறதியைக் கூட்டிப்போடும். என்ன செய்வம்?"

நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.

"நனையட்டும் டொக்டர். பேர் சொல்லத் தெரியாதவனைச் சென்றியில அவங்கள் வீட்ட விடமாட்டாங்கள்."

"நான் தோய்ப்பன்" என்றார் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

அந்தத் தவக்காலத்தில், பழைய சேலைத் துண்டை மடித்துச் சாரத்துக்குள் வைத்துக்கொண்டு, முழுப் பசாமையும் பாடினீர்கள். இடையில் இரண்டு தரம் எழும்பிப் போனீர்கள். சனம் காத்திருந்தது.

பிறகு சண்டையென்று பாதையைப் பூட்டினார்கள். குளிசை வரவில்லை. ஒரு காலையில் உங்கள் படுக்கையைத் தடவினேன், காய்ந்திருந்தது. "மாதாவே, சுகமாயிட்டுது" என்று அம்மா சந்தோசப்பட்டார். நீங்கள் என்னைப் பார்த்து, "நீங்கள் ஆர் வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். கடைசிவரை படுக்கை காய்ந்தே கிடந்தது. அதை நான் ஆரிடம் போய்ச் சொல்வது?

இப்போது பாதை திறந்திருக்கிறது. போன கிழமை அம்மா உங்களுக்கும் தேத்தண்ணீர் ஊற்றி மூடிவைத்துவிட்டு, "அமலி, கொப்பர் இன்னும் கடலால வரேல்லை, நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்று என்னை ஏசினார். நாளைக்கு அம்மாவை அதே டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். அதே குளிசையைத் தந்தால் வாங்கி வருவேன்.

அம்மா இன்னும் என்னைப் பெயர் சொல்லித்தான் ஏசுகிறார் அப்பா. அந்த ஏச்சு நிற்காமல் இருக்க, எத்தனை பாய் நனைந்தாலும் முகம் சுளிக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்
அமலி