கண்டிக்குப் போகாத பயிற்சியாளர்

கொழும்பு,
18.8.2007

அன்பான அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை.

என் கூடைப்பந்துப் பிள்ளைகள் கண்டியில் வென்றுவிட்டார்கள். பந்து எறிய நிற்பவளை நோக்கி வேகமாக ஓடு, கிட்டப் போனதும் அடியைச் சுருக்கு, கையை உயர்த்து, துள்ளாதே என்று மாதக்கணக்காகக் கத்தினேன். கடைசி எறிதலை அப்படித்தான் மறித்தார்களாம்.

நான் போகவில்லை. "உம்மட அடையாள அட்டையில யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை எண்டிருக்கு. வழியில ஆமி மறிச்சால் பிள்ளையளும் மாட்டுவினம். நீர் நில்லும்" என்றார் பாடசாலை அதிபர்.

"ஓம் சேர்" என்றேன். வேறென்ன சொல்ல?

பத்திரிகைப் படத்தில் பயிற்சியாளராக அவர் நிற்கிறார். அதை அனுப்ப மனமில்லை. அப்பா அதில் என்னைத் தேடுவார்.

கப்பலில் வருபவர் யாரிடமாவது ஒடியல் மா கொடுத்துவிடுங்கள். ஒரு சுண்டு போதும், தனியாள் கூழ்தானே. தபாற்கந்தோர் பூட்டப்போகிறார்கள்.

உங்கள் மகள்,
நிமலினி