தாழை இல்லாத கரை

நவம்பர் 24, இரவு

மூன்று நாளாக மழை விடவில்லை. ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது. கொல்லையில் துணி காயப்போடும் கம்பம் காலையில் கரை விளிம்பிலிருந்து நாலடி வீட்டுப் பக்கமாக நின்றது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தால் கம்பத்தையே காணோம். மண்ணோடு சரிந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் சுவருக்குப் பத்தடிதான்.

ராத்திரி துபாயிலிருந்து வீட்டுக்காரர் பேசினார்.

"கரையில தாழம்புதர் இருக்கிற வரைக்கும் மண்ணு அசையாது. பயப்படாம தூங்கு."

"சரி மச்சான்" என்றேன்.

கோடையில் அடுப்பங்கரைக்குள் பாம்பு வந்ததால் நான் ஆள் வைத்து அந்தப் புதரை வேரோடு பிடுங்கிப்போட்டது அவருக்குத் தெரியாது. கொல்லை பளிச்சென்று ஆனதில் எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

கொல்லைப் பக்க அறையில் படுத்திருந்த மகளை எழுப்பி வாசல் அறைக்கு மாற்றினேன்.

"ஏம்மா?"

"அங்க ஒழுகுதுடி."

பொய்தான்.

அந்தக் கம்பத்தில் கட்டிய துணிக்கொடி நைலான் கயிறு. இன்னும் அறவில்லை. ஒரு முனை கம்பத்தோடு ஆற்றுக்குள் கிடக்கிறது. மறுமுனையைக் கொல்லைப் பக்க அறை ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருக்கிறேன். அவிழ்க்கப் போகவே பயமாக இருக்கிறது.

இதை எழுதும்போதே அந்த ஜன்னல் இரண்டு முறை அதிர்ந்துவிட்டது.