தென்பாதி வீடு

மேலவீதி, தஞ்சாவூர்
28-11-1973

அன்புள்ள தம்பி குஞ்சிதபாதத்துக்கு அக்கா பிரகதாம்பாள் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். பம்பாயில் நீயும் மலர்கொடியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. நம் வீதியைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. எதிர்வீட்டார் மெட்ராஸுக்கே போய்விட்டார்கள். அவர்கள் கூடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறது. மூலைவீட்டில் கட்சிக் கொடி பறக்கிறது. அதற்கடுத்த வீடு பூட்டியே கிடந்து, முற்றத்துப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. யாரும் வந்து பார்க்கவில்லை.

நம் நிலத்துக் குத்தகைக்காரர்கள் பெயர் சர்க்கார் பதிவில் ஏறியபோது நீ எவ்வளவு கொதித்தாய். தலைமுறையாக உழுதவர்கள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னதற்காக என்னோடு பேசாமலே தென்பாதியைப் பூட்டிக்கொண்டு ரயிலேறினாய். அப்பா நடுச்சுவர் வைத்து வீட்டை ஆளுக்குப் பாதியாக எழுதியது, நாம் அருகருகே இருக்கத்தான். உன் பாதியில் ஓடு சரிந்தது, சுவரில் ஆலங்கன்று முளைத்தது. எல்லாம் எழுதினேன். பதில் இல்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை கடப்பாரைச் சத்தம் கேட்டு ஓடினேன். ஆட்கள் உன் பாதி ஓட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருத்துறைப்பூண்டிக்காரர், உலகநாதன் என்று பெயர், தூறலில் குடைபிடித்து நின்றார். வீட்டைத் தாம் வாங்கிவிட்டதாகவும் லாட்ஜ் கட்டப்போவதாகவும் சொன்னார். என் தம்பி அப்படிச் செய்யமாட்டான், பம்பாயில் இருக்கிறவன் எப்படிக் கையெழுத்துப் போட்டான் என்று சண்டைக்குப் போனேன். அந்த மனுஷர் குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்குத் தெரியாதாங்க? ஆவணியில அவரே வந்துதாங்க பதிஞ்சு குடுத்தாரு. ரயிலடியில ரெண்டு நாள் தங்கியிருந்தாரே."

ரயிலடியிலிருந்து மேலவீதிக்கு எவ்வளவு தூரம், தம்பி?

நடுச்சுவரை மட்டும் விட்டுவைக்க அவர் ஒப்புக்கொண்டார். இருந்தும் இடித்த அதிர்வில் என் அடுப்படிச் சுவர் பிளந்துவிட்டது. கூடத்தில் அடுப்பை வைத்துச் சமைக்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டதை முன்பே எழுதியிருந்தேன். அன்றைக்குப் படுத்தபடியே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "குஞ்சு வந்துட்டானா? வீட்ட எடுத்துக் கட்டுறானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றுதான் என் வாயில் வந்தது. அன்று இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள். அதன்பிறகு, வேலையாட்களோடு நிற்கிறவனைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதே என்று எனக்கே சொல்ல ஆரம்பித்தாள்.

முந்தாநாள் இடித்து முடித்துவிட்டார்கள். இப்போது சத்தம் இல்லை. விடிந்ததிலிருந்து சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறாள். அவன் ஏன் இன்னும் உள்ளே வரவில்லை என்று இன்று என்னைக் கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

விற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீ என்னோடு பேசவும் வேண்டாம். வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போ.

உன் பிள்ளைகள் கடைசிவரை உன் பக்கத்திலேயே இருக்க என் ஆசீர்வாதம்.

உன் அக்கா,
பிரகதாம்பாள்