சிவப்பு முத்திரைக் காகிதம்

அண்ணே, இன்று காலை பீடோங் சந்தையில் கருவாடு சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் ஒரு விளம்பரம் இருந்தது. விமான இயந்திரம் பழுதுபார்க்க ஆட்கள் தேவையாம். நல்ல சம்பளம், தங்க வீடு, படிப்படியாக மேலே போக வழி என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் முன் அனுபவத்துக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்று போட்டிருந்தான். கருவாட்டை அப்படியே வைத்துவிட்டு அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எரிச்சல் தாங்கவில்லை. நீ செத்து ஒரு வருடம் ஆகியும் இந்தச் சான்று என்னை விடுவதாக இல்லை.

வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் வந்தபோது நீ நம் தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தாய். ஆலை நின்றது. உன்னை விமானத் திடலுக்கு மண் சுமக்கக் கூட்டிப் போனார்கள். ஒரு நாள் லாரி ஒன்று கிளம்பாமல் நின்றதும், யாரும் கேட்காமலே போய் மூடியைத் திறந்து சரிசெய்தாயாம். அடி விழப்போகிறது என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்களாம். அடிக்குப் பதில், விமானங்களைப் பழுதுபார்க்கும் சார்ஜன்ட் உன்னைத் தன் கொட்டகைக்குள் அழைத்துக்கொண்டான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் நாம் இரண்டே பேர். ஊமை மாதிரி இருந்த நீ, அந்த வேலையைப் பற்றி மட்டும் மரவள்ளிக்கிழங்கு ஆறிப்போகும் வரை பேசுவாய். ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கியவன் பெயரை எழுதி முத்திரை குத்தினால்தான் விமானம் கிளம்புமாம். எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டேன்.

"வானத்துல ஏறுற சாமான் தங்கச்சி. யாரு கைவெச்சான்னு எழுத்துல இருக்கணும்" என்றாய்.

இவ்வளவு தெரிந்த மனிதன், ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? ஜப்பான்காரன் தோற்றுப்போன வாரம் அது. காகிதம் முழுக்க ஜப்பான் எழுத்து, கீழே சிவப்பு முத்திரை. பத்திரமாக வை என்று மட்டும் சொல்லிவிட்டு, உப்பும் மீனும் வாங்கத் தஞ்சோங் டாவாய்க்குப் போய்விட்டாய். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்தது அந்த முத்திரை மட்டும்தான்.

மறுநாள், ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் மறைந்திருந்தவர்கள் இறங்கி வந்து, பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரனிடம் வேலை செய்தவன் என்பதுதான் குற்றம். நம் லயத்து வரிசை வீடுகள் முழுக்க அடுப்புகள் புகைந்தன. ஜப்பான் பணம், கைப்பட்டை, அடையாளச் சீட்டு, பிள்ளைகளின் ஜப்பான் பாட நோட்டு என்று கையில் கிடைத்ததை எல்லாரும் கொளுத்தினார்கள். நானும் உன் காகிதத்தை அடுப்பில் வைத்தேன். உன் உயிரைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமை வேறு. நீ வந்து கேட்டாய், எரித்துவிட்டேன் என்றேன். தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, அது என்னவென்று அப்போதுதான் சொன்னாய். நீ கற்ற வேலைகளை எல்லாம் சார்ஜன்ட் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்திருந்தானாம்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து விமானத் தளத்துக்கு ஆள் எடுத்தான். நீ மூன்று முறை போனாய். மூன்றாவது முறை, ஓர் இயந்திரத்தைக் கழற்றி மாட்டி ஓட்டியும் காட்டினாய். அதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுச் சான்று கேட்டான். இல்லை என்றதும், ஓடுபாதை ஓரம் புல் வெட்டும் வேலையைக் கொடுத்தான். நீயும் அதை வாங்கிக்கொண்டு வந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் அரிவாளைப் பிடுங்கி வாசலில் வீசிவிட்டு உட்கார்ந்து அழுதேன். நீ அதை எடுத்து வந்து கூரையில் செருகினாய்.

"அந்தக் காயிதம் இருந்தாலும் வெள்ளைக்காரன் மதிச்சிருக்க மாட்டான். நீ எரிச்சதும் ஒன்னுதான், வெச்சிருந்தாலும் ஒன்னுதான்" என்றாய்.

அந்தச் சொல்லை நம்பித்தான் இத்தனை வருடம் தொண்டையில் சோறு இறங்கியது. நீ வெயிலில் கறுத்துப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளைக்காரனைத் திட்டித் தீர்த்துக்கொள்வேன்.

உன் கருமாதிக்குக் குருண் ஊரிலிருந்து மாணிக்கம் அண்ணன் வந்தார். ஜப்பான்காரன் கொட்டகையில் உன்னோடு வேலை செய்தவர். இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். அதே விமானத் தளத்தில் மெக்கானிக்காம், அவருக்குக் கீழே பத்துப் பேராம். எப்படி எடுத்தார்கள் என்றேன். சார்ஜன்ட் கொடுத்த காகிதத்தைப் பினாங்கில் ஒருவரிடம் மொழிபெயர்த்து வாங்கிக் காட்டினாராம். உனக்காகச் சாட்சி சொல்லவும் போனாராம். வாய்ச் சாட்சி செல்லாது என்று அதிகாரி அனுப்பிவிட்டானாம்.

காகிதம் செல்லும் என்பது உனக்குத் தெரிந்திருந்ததா என்று அவரிடம் கேட்டேன். அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"மூணாவது தரம் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். தங்கச்சி காதுல மட்டும் போட்டுடாதன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு."

அண்ணே, புல் வெட்டிய அத்தனை வருடமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாய். ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை நீ. நான் கேட்காத மன்னிப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அதை வாங்கிக்கொள்ள இன்னும் எனக்கு மனம் வரவில்லை.