அக்கா, தும்பையைச் செருக்கச் சொன்னது நான்தான்

என்ரை ஆசை அக்கா,

இன்றைக்கும் எழும்பினவுடன் கிணற்றடிக்குத்தான் ஓடினேன். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன். இருந்தால் இருக்க முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை. எப்படிச் சொல்ல? உங்கள் தும்பையை அழித்தது நான்தான்.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு முதல்நாள் இவரிடம் மண்வெட்டியைக் கொடுத்து, "சனம் வரப்போகுது, வளவில ஒரு புல்லும் நிக்கப்படாது, வடிவாச் செருக்கி விடுங்கோ" என்றேன். பிறகு சமைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். வெளியே வந்தால் கிணற்றடி மொட்டை. காய்ந்து விதையோடு நின்ற தும்பையெல்லாம் வேலி மூலையில் எரிந்துகொண்டிருந்தது.

"நீர்தானே சொன்னனீர்" என்றார் இவர். ஓம், நான்தான்.

உடையார்கட்டில் இருந்து முரசுமோட்டைக்கு எங்களோடு இருக்க வந்தபோது சீலைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தீர்களே, அந்த விதை. "தெருவெல்லாம் முளைக்கிறதை ஆரும் கட்டிக்கொண்டு வருவினமோ?" என்று சிரித்தேன். "என்ர பிள்ளை தேன் உறிஞ்சின பூவடி" என்றீர்கள். போரில் செத்துப்போன உங்கள் மகளுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை. கடைசி நாட்களில் என் கையைப் பிடித்து, "தும்பையைப் பாத்துக்கொள்ளடி" என்றீர்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லையே, அக்கா? அதைக்கூட நான் காப்பாற்றவில்லையே?

அன்றைக்கு நெருப்பில் தண்ணீரை ஊற்றி, எரியாமல் மிஞ்சின விதையாவது முளைக்கட்டும் என்று சாம்பலோடு அள்ளிக் கிணற்றடியில் பரவினேன். "செருக்கின இடத்தில குப்பை கொட்டுறீர்" என்று இவர் பேசினார். காரணத்தைச் சொன்னதும் வந்து தானும் அள்ளினார்.

இப்போது மழை விழுந்துவிட்டது. கிணற்றடி முழுக்கப் பச்சை, ஆனால் எல்லாம் இரண்டு இலைதான். எது தும்பை, எது களை? நீங்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவீர்கள். நான் ஒன்றைப் பிடுங்கி, அதுதான் தும்பை என்றால்? பயத்தில் ஒன்றிலும் கை வைக்கவில்லை. "என்ன பிள்ளை, வளவு காடாக் கிடக்குது" என்கிறா பக்கத்து வீட்டு மாமி. கிடக்கட்டும்.

ஒரு வெள்ளைப் பூவைக் கண்டால் முதலில் உங்களுக்குத்தான் சொல்லுவேன். காணாவிட்டாலும், வருகிற திவசத்துக்கு இந்த வளவில் மண்வெட்டி விழாது. சனம் புல்லுக்குள்ளால் நடந்து வரட்டும்.

கிணற்றடியைக் காத்து நிற்கும்
உங்கள் தங்கச்சி