பக்கத்து இருக்கையில் அரிசி மூட்டை

ஜெபல் அலி

அன்புள்ள ஜோதிமணி,

இங்கே வளைகுடாவில் நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? போன முறை இங்கே வந்தபோது வேகத்தடையில் குலுங்கி, என் காரில் இனி ஏறமாட்டேன் என்றாய். "ஐம்பது வயசுல ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கேடா" என்று உன் அண்ணன் சிரித்ததையும் நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானே அதற்கு உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயிலோவர் சஸ்பென்ஷன் மாட்டினேன். ரூம்மேட் அன்பரசன், "எல்லாரும் காரைத் தரையோட இறக்குவாங்க, நீங்க ஏத்துறீங்களேண்ணே, ஒட்டகமா?" என்றான்.

உன் பாரத்துக்குச் சரிபார்க்க, பக்கத்து இருக்கையில் அரிசி மூட்டைகளை வைத்து பெல்ட் போட்டு ஓட்டினேன். குலுக்கலே இல்லை. டூட்டிக்கும் அவற்றோடுதான் போகிறேன், இறக்க மனமில்லை.

கோபிக்காமல் இப்போதைய எடையை எழுது. லீவுக்கு வருகிறாயா என்பதையும், அண்ணனைக் கேட்காமல், நீயே எழுது. வண்டியை எடுக்க வேண்டும், நேரமாகிவிட்டது.

உன்
வீரபாண்டி