சிப் எண் 4471

பதிவு 1. 14.11.2058, காலை 06:10
நண்டுத்திட்டு நிலையம், அலையாத்திக் காடு. பணியில் ஒருவர்: மீனலோசனி, பாம்பு ஆய்வாளர். மூன்று மாதம் பூட்டிக்கிடந்த இடம், நேற்றுதான் வந்தேன். வெப்பம் 29. நாரைகள்: ஒன்றுகூட இல்லை. போன வருடம் இருநூற்றுப் பதினான்கு. எல்லாம் மலைப்பாம்புகளின் வயிற்றில்.

டிரான்ஸ்மிட்டர் பொருத்திய ஆண் மலைப்பாம்பு 'தூதன்' வடக்கு ஓடையில். அவன் பெண் பாம்பைத் தேடிப் போவான், நாங்கள் பின்னாலேயே போய் அவளைப் பிடிப்போம். வேலை இவ்வளவுதான்.

வீடுகளில் வெளிநாட்டு மலைப்பாம்பு வளர்க்கத் தடை வேண்டுமா என்று நாளை மறுநாள் அரசுக் குழு மறுபடி கூடுகிறது. பதினொரு வருடம் முன்பு, வேண்டாம், பதிவு செய்தால் போதும் என்று எழுதிக்கொடுத்த நிபுணர் நான்தான். "தப்பித்தாலும் உப்புச் சேற்றில் முட்டை பொரியாது." என் வாக்கியம். வளர்ப்போர் சங்கம் கைதட்டியது.

பதிவு 2. 14.11, மாலை 16:40
அக்கரையிலிருந்து இருதயராஜ், ரேடியோவில். எனக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுவரும் படகுக்காரர்.

"டாக்டரம்மா, இன்னிக்கும் ரெண்டு ஆடு போச்சு. எவன் ஆசைக்கு வளத்து இங்க கொண்டாந்து விட்டானோ, அவன் வெளங்கவே மாட்டான். நீங்க சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.

தூதன்: 90 மீட்டர். என் பக்கம்தான் வருகிறான்.

பதிவு 3. 15.11, காலை 07:25
தூதன் நிலையத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே. தரைப்பலகை இடுக்கில் டார்ச் அடித்தேன். பெண் பாம்பு, முட்டைகளைச் சுற்றிப் படுத்திருக்கிறது. ஏழு மீட்டர் இருக்கும். நிலையம் கட்டக் கொட்டிய மேட்டு மண்ணில் உப்பு ஏறுவதில்லை. மேலே பேட்டரிப் பெட்டியின் கதகதப்பு வேறு. இடம் அமைத்துக் கொடுத்ததே நாங்கள்தான்.

மூங்கில் நுனியில் சிப் ரீடரைக் கட்டி இறக்கினேன். 4471.

குண்டலி. என் குண்டலி. கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, என் ஆய்வகக் கணக்கிலிருந்த இந்தச் சிப்பைத் தோலடியில் பொருத்தியவள் நான்.

என் சாட்சிக்குப் பிறகு, பதிவுக்காக வீடு வீடாகச் சோதனை என்றார்கள். தடை வேண்டாம் என்று சாட்சி சொன்னவள் வீட்டிலேயே பாம்பா என்று கேட்பார்களே! கோணியில் கட்டி, இந்த ஓடையில் விட்டேன். செத்துவிடும் என்று நம்பி விட்டிருந்தால் அது கொலை. பிழைத்துப் பெருகும் என்று உள்ளூரத் தெரிந்திருந்தால் என் சாட்சி பொய். எது என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

பதிவு 4. 15.11, காலை 09:00
இருதயராஜிடம் சொன்னது: "இன்னிக்கு வராதீங்க அண்ணே. நாளைக்கு வாங்க." காரணம் சொல்லவில்லை. சொன்னால் ஆட்களோடு வருவார், எண்ணைப் பார்த்துவிடுவார்கள். மயக்க ஊசி போட்டு சிப்பை எடுத்துவிட்டால் அது யார் வீட்டுப் பாம்போ.

பதிவு 5. 15.11, மதியம் 13:10
ரேடியோ: "கொரலே சரியில்லையேம்மா, காய்ச்சலா? மீன் கொழம்பு கொண்டாந்திருக்கேன். தண்ணி ஏறிக்கெடக்கு, படக அடியிலயே கட்டிட்டு மேல வரேன்."

வேண்டாம் என்று கத்தினேன். ரேடியோவிலும் கத்தினேன், பலகை இடுக்கிலும் கத்தினேன்.

பதிவு 6. 15.11, 13:55
படகு கட்டக் குனிந்தவரைக் குண்டலி சுற்றி இறுக்கிவிட்டாள். ஊசி இரண்டு. மூன்றாவதும். தாமதம். அவர் மூச்சு

படகு கட்டியபடியே இருக்கிறது. தூக்குச்சட்டி நிமிர்ந்தபடி. மூடி திறக்கவில்லை.

குழுவுக்கு அனுப்பியாயிற்று: சிப் 4471. வளர்த்தவர், விட்டவர்: மீனலோசனி. சாட்சியம் வாபஸ். தடை போடுங்கள்.

அண்ணே, எவன் வளர்த்தானோ என்றீர்கள். நான்தான். சாப்டீங்களா என்றும் கேட்டீர்கள்.

அதற்கும் பொய்தான் சொன்னேன்.